முதல் வண்டி உள்ளே போகும் வரை

எஸ்தர் இறந்துபோன செய்தி எனக்கு எஸ்தரின் எண்ணிலிருந்தே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், பள்ளிப்பட்டில் அப்பா வீட்டில் சாப்பாடு முடிந்து, லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பைத்தானில் எழுதிய புரோகிராம் அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டது. எப்படிப் பார்த்தாலும் வரியில் குற்றமில்லை. திரையைப் படம் எடுத்து எஸ்தருக்கு அனுப்பி, "இதுக்கு இன்னாடி கேடு வந்துச்சு?" என்று கேட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சர்ச்சுக்குப் போய்வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் பதில் போடுவாள். அவசரப்படுத்தினால் வேண்டுமென்றே இன்னும் தாமதமாக்குவாள். அதனால் சும்மா இருந்தேன். சாயங்காலம் போனில் பதில் வந்து விழுந்தது. "அக்கா, நான் சாம். எஸ்தர் அக்கா நம்மள உட்டுட்டுப் போயிட்டாங்க. சர்ச்சிலேர்ந்து வந்து படுத்தாங்க, எந்திரிக்கவே இல்ல." சாம் அவளுடைய தம்பி. மேலே என் கேள்வி இருந்தது. அதற்கு நேர் கீழே இது இருந்தது. என் மனதில் முதலில் ஓடியது, "என் கேள்விக்கு இது பதில் இல்லையே" என்பதுதான்.

நம் ஆலை மலருக்கு எஸ்தரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய இரும்பை உருக்கிக் கம்பி உருட்டும் நம் ஆலையில் கம்ப்யூட்டர் செக்‌ஷன் என்று ஒன்று இருப்பது உங்களில் பலருக்குச் சம்பளம் பேங்கில் ஏறாத அன்றைக்குத்தான் ஞாபகம் வரும். எடைமேடைக்குப் பின்னால், ஒரு ஜன்னல் வைத்த சின்ன அறை. வெயில் காலத்தில் ஏ.சி.க்காக வந்து, ஏதோ சந்தேகம் கேட்பதுபோல் நின்றுவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர் உண்டு. அந்த அறையில் எதிரெதிர் மேஜையில் இருபது வருஷத்துக்குப் பக்கமாக உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். சத்தமாகச் சிரிக்கிறவள் எஸ்தர். அந்தச் சத்தத்துக்கு முகம் சுளிக்கிறவள் நான், கஸ்தூரி.

மறுநாள் எஸ்தரின் ஊரான அத்திப்பட்டில் அடக்கம். நம் ஆட்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தீர்கள். பாதிரியார் ஜெபம் முடித்து, மண் போட்டு, எல்லோரும் கலைந்த பிறகு எஸ்தரின் அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டார். அந்தக் குடும்பத்தில் அவர்தான் கடைசியாக வயலில் நாற்று நட்டவர். அவர் கணவர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி அள்ளும் ஒப்பந்த வேலைக்குப் போனார். மகள் அவ்விருவருக்கும் புரியாத ஒரு வேலைக்குப் போனாள்.

"ஏம்மா, நீதான கூடவே இருந்தவ. எம் பொண்ணு அங்க இன்னாதாமா பண்ணிக்கினு இருந்தா? கேட்டா கம்ப்யூட்டர்மான்னுவா. கம்ப்யூட்டர்ல இன்னா?"

"புரோகிராம் எழுதிக்கினு இருந்தாம்மா."

அவர் தலையாட்டினார். புரிந்த தலையாட்டல் இல்லை. போகட்டும் என்கிற தலையாட்டல். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "நல்லாத்தான எழுதினா?" என்று கேட்டார். நல்லா எழுதினாம்மா என்றேன். இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்திருந்தவளின் வேலை என்னவென்று அவளைப் பெற்றவளுக்குச் சொல்லத் தெரியாமல் ரயிலேறி, நான் தனியாகக் குடியிருக்கும் கவரைப்பேட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

இன்னொன்றும் மனதில் இருந்தது. ஆலை கேட்டிலும் எடைமேடையிலும் ஓடும் பழைய புரோகிராமை ஜாவாவிலிருந்து பைத்தானுக்கு மாற்றும் வேலையை மாதக் கடைசிக்குள் முடித்துத் தருவதாக நாங்கள் ஒத்துக்கொண்டிருந்தோம். பாதி அவள், பாதி நான். முடியாவிட்டால் சென்னையில் ஒரு கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. நம் மேனேஜர் நல்ல மனிதர். துக்கம் கேட்டுவிட்டு, "கஷ்டமா இருந்தா கொடுத்துடலாம் கஸ்தூரி, தப்பில்ல" என்று மெதுவாகத்தான் சொன்னார். தப்பில்லைதான். கொடுத்தால் அவர்கள் முதல் வரியிலிருந்து புதிதாக எழுதுவார்கள். எஸ்தர் கடைசியாக எழுதிய பாதி ஒருநாள்கூட ஓடாமல் குப்பைக்குப் போகும். அவளை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்த கையோடு இதையும் கொடுக்க எனக்கு மனமில்லை. மாதக் கடைசி வரை நேரம் கேட்டேன்.

கம்ப்யூட்டர் மொழி மாறுவது என்றால் என்ன என்று இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எஸ்தரைப் பற்றிச் சொல்ல முடியாது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் ஃபாக்ஸ்புரோ என்ற மொழியில் இருந்தது. பிறகு ஜாவா வந்தது. இப்போது பைத்தான். சொல்ல வேண்டிய விஷயம் ஒன்றுதான்: லாரி வந்தது, லோடோடு இத்தனை டன், காலியாக இத்தனை டன், கழித்தால் சரக்கு இவ்வளவு. அதைச் சொல்லும் விதம்தான் மொழிக்கு மொழி வேறு. ஒன்றில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அரைப்புள்ளி வைத்தே ஆக வேண்டும். இன்னொன்றில் வைக்க வேண்டியதில்லை. வைத்தால் குற்றமும் இல்லை, ஆனால் ஊருக்குப் புதுசு என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றில் சமக்குறி ஒன்று போட்டால் போதும். இன்னொன்றில் சமமா என்று கேட்க இரண்டு போட வேண்டும். இதெல்லாம் மூளைக்கு ஒரு வாரத்தில் புரிந்துவிடும். கைக்குப் புரியாது. எஸ்தர் சொல்வாள்: "மூளை சீக்கிரம் மாறிடும்டி. வெரலுக்குத்தான் லேட்டா சேதி போவும்."

என் வீட்டில் அப்பாவோடு தெலுங்கு, மற்றவர்களோடு தமிழ். நான் போனில் "நைனா" என்று ஆரம்பித்ததும் அவள் எதிர் மேஜையில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். "ஊட்ல தெலுங்கு, ட்ரெய்ன்ல தமிழு, இங்க வந்தா ஜாவா. உனுக்குக் கனவு எதுல கஸ்தூ வரும்?" ஜாவாவில்தான் வரும், அதுவும் முடியாமல் பாதியில் நின்றுவிடும் என்பேன். அறை அதிரச் சிரிப்பாள். இந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு எடைமேடைக் கண்ணாடிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்காதவர்கள் உங்களில் குறைவு.

அவளோடு வேலை செய்வது சுகம் என்று நினைத்துவிட வேண்டாம். பேஜார்தான். கூடவே பாட்டு முணுமுணுப்பாள். நேரத்துக்கு வரமாட்டாள், ரயில் மேல் பழி போடுவாள், அதே ரயிலில் நான் நேரத்துக்கு வந்திருப்பேன். புரோகிராமில் ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான பெயர் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. அவள் லாரியின் காலி எடைக்கு "சும்மா" என்று பெயர் வைத்தாள். ஃபாக்ஸ்புரோவிலும் சும்மா, ஜாவாவிலும் சும்மா. ஆடிட்டுக்கு வந்த ஒருவர் அதைப் பார்த்து என்ன இது என்று கேட்டபோது, "காலி வண்டி சார், சும்மாதான நிக்குது" என்றாள். அவர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் மானம் போயிற்று. வெளியில் வந்து சண்டை போட்டேன். ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. பேசாத அந்த வாரத்திலும் என் திரையில் ஏதாவது சிவப்பாக வந்தால் எழுந்து வந்து பின்னால் நின்று, விரலால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு, வாயைத் திறக்காமல் திரும்பிப் போய் உட்காருவாள்.

பிழை என்று காட்டும் அந்தச் சிவப்பு எழுத்து என்றால் எனக்கு இன்றைக்கும் பயம். என்னைத் திட்டுவதுபோல் இருக்கும். அவளுக்கு அப்படி இல்லை. "அது திட்டலடி. நீ எங்க நிக்கிறன்னு சொல்லுது. வழி கேட்டா அட்ரஸ் சொல்றவன் மேல கோச்சுக்கினா எப்டி?" என்பாள். அதனால் புது மொழிக்குள் எப்போதும் அவள்தான் முதலில் போவாள். நான் கரையில் நின்று பார்த்துவிட்டு, அவள் நிற்கிற இடத்தில் ஆழமில்லை என்று தெரிந்த பிறகு இறங்குவேன். எந்த மொழியாக இருந்தாலும் அவள் முதலில் எழுதிப் பார்ப்பது ஒன்றைத்தான்: லோடு எடை, சும்மா எடை, கழித்தல். அது சரியாக வந்துவிட்டால் நாற்காலியில் சாய்ந்து, "ஊர் புட்ச்சிக்கிச்சு, வா" என்று என்னைக் கூப்பிடுவாள்.

பைத்தானுக்கு மாறத் தொடங்கியபோது அரைப்புள்ளி அவள் விரலை விட்டுப் போகவில்லை. ஒருநாள் முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்துவந்து கீபோர்டில் அந்தச் சாவியின் மேல் ஒட்டிவிட்டாள். விரல் போய்ப் பட்டதும் சொரசொரவென்று தெரியும், தானே திரும்பிவிடும் என்று. மெயின்டனன்ஸில் இருக்கும் கோபி சாவி உடைந்திருக்கிறது என்று நினைத்து, யாரும் இல்லாத நேரத்தில் பிளாஸ்திரியைப் பிய்த்துப்போட்டு, சுத்தமாகத் துடைத்தும் வைத்தார். அன்றைக்கு கோபி வாங்கிய பாட்டு அவருக்கு மறந்திருக்காது. மறுபடி ஒட்டிய பிளாஸ்திரி அந்தக் கீபோர்டில் இன்னும் இருக்கிறது, ஓரங்களில் அழுக்கேறி.

இனி அந்த முதல் லாரி விஷயம். நம் ஆலைக்காரர்களில் பழையவர்களுக்குத் தெரியும், ஆனால் அறைக்குள் நடந்தது தெரியாது.

ஃபாக்ஸ்புரோவிலிருந்து ஜாவாவுக்கு மாறிய சமயம். கேட்டில் டோக்கன் வாங்கும் லாரிகளின் வரிசை செக்யூரிட்டியின் திரையில் வரும்; வரிசைப்படி கூப்பிட்டு எடைமேடைக்கு விடுவார்கள். ஃபாக்ஸ்புரோவில் வரிசை ஒன்றில் ஆரம்பிக்கும். ஜாவாவில் பூஜ்ஜியத்தில் ஆரம்பிக்கும். இது எஸ்தருக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். ஆனால் கை பழக்கத்தில் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டது. எண்ணிக்கொண்டே போனால் கடைசியில் இல்லாத லாரியைத் தேடி புரோகிராம் விழுந்தது. கடைசியில்தானே விழுகிறது என்று அவள் கடைசியில் ஒன்றைக் குறைத்தாள். விழுவது நின்றது. வால் பக்கம் சரியாகிவிட்டது. தலைப் பக்கம் ஒன்று போனதை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. சோதனைக்கு நாங்கள் ஓட்டிப் பார்த்ததெல்லாம் வரிசையின் நடுவில் இருந்த வண்டிகளை.

புது புரோகிராம் ஓடத் தொடங்கிய காலையில் நாயுடுபேட்டையிலிருந்து பழைய இரும்பு ஏற்றி வந்த வெங்கடய்யாவின் லாரி கேட்டில் முதலில் நின்றது. அவருக்குப் பின்னால் வந்த வண்டிகளைக் கூப்பிட்டார்கள். அவரைக் கூப்பிடவில்லை. டோக்கனைக் காட்டினால், "உன்னுது திரையில இல்லபா, ஓரமா போடு" என்றார்கள். ஓரமாகப் போட்டார். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் ஒவ்வொரு லாரியாக அவரைத் தாண்டி உள்ளே போய், எடை போட்டு, இறக்கி, வெளியே வந்துகொண்டிருந்தது. கடைசியில் அவர் இறங்கி வந்து போட்ட சத்தம் ஏ.சி. அறைக்குள் கேட்டது. "பொழுது விடியறப்பவே நான்தான் மொதல்ல வந்தேன்! எல்லாரும் பாத்தாங்கோ! என் வண்டி வரவே இல்லன்னு சொன்னா எப்டி?"

அந்த "மொதல்ல" காதில் விழுந்ததும் எஸ்தர் தட்டுவதை நிறுத்திவிட்டாள். திரையை ஒரு தடவை பார்த்தாள். "கஸ்தூ, தலைய உட்டுட்டேன்டி" என்றாள். ஒரே எண்ணை மாற்றினால் தீர்ந்தது, மாற்றினாள். சரிசெய்தாகிவிட்டது என்று போனில் கேட்டுக்குச் சொன்னால் போதும், யாரும் யாரையும் கேட்கப் போவதில்லை. அவள் எழுந்து வெயிலில் கேட்டுக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். வெங்கடய்யா எங்களை விடப் பெரியவர். அன்றைக்கே தலை நரைத்திருந்தது. அவர் முன்னால் நின்று சொன்னாள்: "உங்க மேலயும் தப்பு இல்ல, செக்யூரிட்டி மேலயும் தப்பு இல்ல. நான் எண்ண ஆரம்பிச்ச எடம் தப்பு. உங்கள உட்டுட்டு எண்ணிட்டேன்."

அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. யாரோ ஒருத்தி தன் தப்பு என்று சொன்னது புரிந்தது. சத்தம் அடங்கிவிட்டது. "நான் மொதல்ல வந்தேன்னு நீ ஒத்துக்கிறயா?" என்று மட்டும் கேட்டார். "நீங்கதான் மொதல்ல வந்தீங்க" என்றாள். அவர் வண்டி எடைமேடை ஏறி இறங்கும் வரைக்கும் அங்கேயே நின்றாள்.

அதிலிருந்துதான் அந்த வழக்கம் வந்தது. புரோகிராமில் சின்னதோ பெரியதோ எதை மாற்றினாலும், மறுநாள் காலை முதல் ரயிலுக்கே எஸ்தர் வந்துவிடுவாள். எதற்கும் நேரத்துக்கு வராதவள் இதற்கு மட்டும் வருவாள். கேட்டுக்குப் பக்கத்தில், டீக்கடைக்கு எதிரில் நின்றுகொண்டு, முதல் வண்டி டோக்கன் வாங்கி, திரையில் வந்து, எடைமேடை ஏறி, உள்ளே போகிற வரைக்கும் பார்ப்பாள். பிறகு எனக்கு ஒரே ஒரு வரி அனுப்புவாள்: "மொத வண்டி உள்ள போச்சு." நான் அப்போதுதான் கவரைப்பேட்டையில் நாஷ்டா சாப்பிட உட்கார்ந்திருப்பேன். கேட்டிலிருந்த செக்யூரிட்டிகள், டிரைவர்கள் எல்லோருக்கும் இது வாடிக்கையாகிவிட்டது. அவள் நிற்பதைப் பார்த்தால், "இன்னிக்கு ஏதோ மாத்திக்கிறாங்கோ" என்று பேசிக்கொள்வார்கள். வெங்கடய்யாவும் அன்றிலிருந்து ஒரு வீம்பு வைத்துக்கொண்டார். நம் ஆலைக்கு லோடு என்றால் எப்படியாவது முதல் ஆளாக வந்து நின்றுவிடுவார்.

எஸ்தர் போன பிறகு ஆலையில் கூட்டம் போட்டு மௌன அஞ்சலி செலுத்தினோம். நேர்மையானவர், கடமை தவறாதவர், நேரம் தவறாதவர் என்றார்கள். நேரம் தவறாதவர் என்றபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. பக்கத்தில் சேர்ந்து சிரிக்க ஆளில்லை என்பது அடுத்த நொடியே உறைத்தது. பிறகு எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போனீர்கள். நான் அறைக்குப் போனேன்.

தனிமை என்றால் வீட்டில் தனியாக இருப்பது என்று இதுவரை நினைத்திருந்தேன். அது எனக்குப் பழக்கம்தான். இது வேறு. நாங்கள் இரண்டு பேர் மட்டும் பேசிக்கொண்ட ஒரு பேச்சு இருந்தது. "இவன் ஒண்ணுலேர்ந்து எண்றான், அவன் பூஜ்ஜியத்துலேர்ந்து எண்றான், நடுவுல நம்ம கதி" என்று அவள் சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். இந்த ஆலையில் வேறு யாரிடம் சொன்னாலும் பாவம் என்பதுபோல் பார்ப்பார்கள். அந்தப் பேச்சைப் பேச இன்னும் எனக்குத் தெரியும், கேட்க ஆளில்லை. திரையில் சிவப்பு வந்தால் எதிர் மேஜையைப் பார்த்து, "ஏய், இங்க வந்து பாரேன்" என்று வாய்விட்டே சொல்லிவிடுவேன். ஒருமுறை ஸ்டோர்ஸ்காரர் வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். அவருக்கு என் நன்றி.

மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் பாதி தனியாக ஓடியது. என் பாதி தனியாக ஓடியது. இரண்டையும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து வைத்தால் நின்றுவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கேட்டேனே, அதே வரி. அவளுடைய கடைசி வரிகள் முடிந்து என்னுடையவை தொடங்கும் இடம். சென்னைக் கம்பெனியில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். வலையில் தேடினால்கூடக் கிடைத்துவிடும். நான் தேடவில்லை. பயந்தாங்கொள்ளியான எனக்கு அப்போதும் சிவப்பு எழுத்தை முழுசாகப் படிக்கத் தைரியமில்லை. இரண்டு நாள் அந்தப் பக்கமே போகாமல் வேறு வேலை பார்த்தேன். பிறகு ஒரு மத்தியானம் என் கீபோர்டைக் கழற்றிவிட்டு, பிளாஸ்திரி ஒட்டிய அவளுடைய கீபோர்டை எடுத்து மாட்டிக்கொண்டு, அட்ரஸ் சொல்கிறவனிடம் வழி கேட்கிற மாதிரி அந்தச் சிவப்பு வரியை நிதானமாகப் படித்தேன்.

விஷயம் இதுதான். பைத்தானில் வரியின் முன்னால் விடுகிற வெற்று இடத்துக்கும் கணக்கு உண்டு. எது எதற்குள் அடங்கும் என்பதை அந்த இடைவெளியை வைத்துத்தான் அது புரிந்துகொள்ளும். அந்த இடைவெளியை எஸ்தர் கீபோர்டின் அடியில் இருக்கும் நீளப் பட்டையை நான்கு முறை டொக்கு டொக்கென்று தட்டி விடுவாள். அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. நான் அதற்கென்று இருக்கும் டேப் சாவியை ஒருமுறை தட்டுவேன். இதற்கும் நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், இம்மி வித்தியாசம் தெரியாது. ஆனால் அவள் விட்ட இடமும் நான் விட்ட இடமும் கலந்து வந்தால் அந்த மொழி ஏற்றுக்கொள்ளாது. யாராவது ஒருவர் வழிக்கு மற்றவர் வந்தாக வேண்டும்.

ஒரு கட்டளை போட்டால் அவளுடையது முழுக்க என் வழிக்கு மாறிவிடும். அதே கட்டளையைத் திருப்பிப் போட்டால் என்னுடையது அவள் வழிக்கு வரும். கட்டளை எதுவும் போடாமல், என் பாதியை வரி வரியாக, அவளுடைய கீபோர்டில் நீளப் பட்டையைத் தட்டித் தட்டி மாற்றினேன். டொக்கு டொக்கென்று அறை முழுக்க அவள் சத்தம் கேட்டது. நடுவில் அழுதேன். முடித்துவிட்டு ஓட்டினேன். ஓடியது. "சும்மா"வை மாற்றவில்லை. அது இனிமேலும் சும்மாவாகவே இருக்கும். ஆடிட்காரர் வந்தால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

புது புரோகிராம் ஓடத் தொடங்கிய காலையில் முதல் ரயிலில் போய் டீக்கடைக்கு எதிரில் நின்றேன். அவள் நின்ற இடம். பனி இன்னும் விலகவில்லை. கேட்டில் முதல் ஆளாக வெங்கடய்யாவின் லாரி நின்றிருந்தது. நான் சொல்லி ஏற்பாடு செய்யவில்லை. அவர் எப்போதும்போல் வந்திருந்தார். தலை இப்போது முழுக்க வெள்ளை. ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்து, பிறகு எனக்குப் பின்னாலும் பக்கத்திலும் பார்த்தார்.

"அந்த அம்மா வரல?"

அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தமிழில் ஆரம்பித்தேன், வரவில்லை. அப்பாவோடு பேசுகிற தெலுங்கில் சொன்னேன். டோக்கன் எண் திரையில் வந்தது, கூப்பிட்டார்கள், வண்டி எடைமேடை ஏறியது. எடை விழுந்த பிறகும் வண்டி நகரவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்தன. எடைமேடைக்காரர் தலையை வெளியே நீட்டி, "யோவ், எறங்குயா" என்று கத்தினார்.

வெங்கடய்யா என்னைப் பார்த்துச் சொன்னார். "மொத வண்டி உட்டுப்போவக்கூடாதுன்னு நின்னுக்கினு இருப்பாங்கம்மா. நான் உள்ள போறதப் பாத்துட்டுத்தான் திரும்புவாங்க. நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"சரியா பாத்தியா?"

"சரியாத்தான் பாத்தேன், போங்க."

அவர் வண்டியைக் கிளப்பி உள்ளே போனார். நான் போனை எடுத்தேன். "மொத வண்டி உள்ள போச்சு" என்று தட்டி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் யாருக்கு அனுப்பியிருக்கிறேன் என்று பார்த்தேன். விரலுக்கு இன்னும் சேதி போயிருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. சாம்தான். "அக்கா, இன்னா வண்டிக்கா? அம்மா கேக்குறாங்க, இரு, அவங்ககிட்டயே குடுக்கிறேன்" என்று போனைக் கொடுத்துவிட்டான். எஸ்தரின் அம்மா, "சொல்லுமா" என்றார்.

டீக்கடைக்கு எதிரில் நின்றபடியே சொன்னேன். இருட்டோடு முதலில் வந்த ஒருவரின் வண்டியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது, அவர் மதியம் வரைக்கும் ஓரமாக நின்றது, உங்கள் மகள் வெயிலில் நடந்துபோய் அவரிடம் ஒத்துக்கொண்டது, அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் முதல் வண்டி உள்ளே போகிறவரை இங்கே வந்து நின்றது. அரைப்புள்ளி, சமக்குறி எதையும் சொல்லவில்லை. "அன்னிக்கு இன்னா வேலன்னு கேட்டீங்களே. மொதல்ல வந்தவங்கள உட்டுப்போவாம பாத்துக்கிறதுதாம்மா அவ வேல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, வேலையைப் புரிந்துகொண்டவர் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"அப்ப இனிமே யாருமா நிப்பாங்க?"

"நான் நிக்கிறேம்மா" என்றேன்.